பிணம் சிரித்த ஷாட்

துணை நடிகை ஈக்காட்டுத்தாங்கல் ருக்சாரைச் சினிமாவில் எத்தனையோ விதமாகக் கொன்றிருக்கிறார்கள். வெள்ளத்தில், தீயில், பேய் அடித்து. முகம் தெரிந்த படம் ஒன்றுகூட இல்லை. "ஒரு வாட்டியாவது என் மூஞ்சி ஸ்கிரீன் ஃபுல்லா தெரியணும்க்கா" என்பாள். நான் ஹேர்டிரஸ்ஸர், அவள் தலையைப் பின்னும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

அடையாறில் ஒரு பழைய பங்களாவில் அந்தப் படம் எடுத்தார்கள். என்றும் இளமையாக இருக்க, வேலைக்காரப் பெண்களின் ரத்தத்தில் குளிக்கும் ஜமீன்தாரிணி கதை. ஜமீன்தாரிணியாக ஹேமாங்கினி. வேலைக்காரிகளில் ஒருத்தியாக நடித்த ருக்சாருக்கு முதல்முறையாகக் குளோசப் வைத்தார்கள். மானிட்டரில் அதைப் பார்த்ததும் ஹேமாங்கினிக்கு வயிறு எரிந்தது. தன் முகத்தைவிட அது இளமையாக இருந்ததாம். குளோசப் எல்லாவற்றையும் தூக்கச் சொன்னாள். சாகிற காட்சியிலும், "அந்தப் பொண்ணு முகத்தைத் துணியால மூடுங்க" என்றாள். வேஷத்துக்கும் ஆளுக்கும் வித்தியாசமே இல்லை, பாவி!

"இவள வுட மாட்டேன், பாத்துக்கினே இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ருக்சார் பிணமாகப் படுத்தாள்.

பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆகாது என்பது சினிமாவில் வழக்கம். ஹேமாங்கினிக்கு அந்தப் பயம் எல்லாரையும்விட அதிகம். "கேமராவை நிறுத்தாதீங்க! துணிய எடுத்துச் சிரிக்கச் சொல்லுங்க" என்று அவளே கத்தினாள்.

ருக்சார் துணியை விலக்கினாள். அழுத கண்ணோடு லென்ஸை நேராகப் பார்த்து, மெதுவாகச் சிரித்தாள். இருடி வர்றேன் என்பதுபோல இருந்தது.

படத்தைத் தொகுத்தபோது, ஜமீன்தாரிணி கண்ணாடி பார்த்தபடி சாகும் கடைசிக் காட்சி சப்பென்று இருந்திருக்கிறது. எடிட்டர் ஸ்ரீரங்கன் அந்தச் சிரிப்பை எடுத்து, கண்ணாடியில் தெரிவதாகச் சேர்த்துவிட்டார். ஹேமாங்கினிக்கு யாரும் சொல்லவில்லை.

தி.நகர் தியேட்டரில் முதல் காட்சி. எங்களுக்கு முன்வரிசையில் ஹேமாங்கினி. கடைசியில் திரை முழுக்க ருக்சாரின் முகம். அலறிய கூட்டம் அடுத்த நொடி விசிலடித்தது. எனக்கு அப்படியொரு திருப்தி.

ஹேமாங்கினி துள்ளி எழுந்தாள். "இதை யார் வெச்சது?"

பின்னாலிருந்து ருக்சார் குரல் கொடுத்தாள். "சிரிக்க சொன்னதே நீதானேம்மா? உக்காரு, என் மூஞ்சிய மறைக்கிற!"

"உக்காரு! உக்காரு!" என்று தியேட்டரே கத்தியது.

ஹேமாங்கினி உட்கார்ந்தாள்.