சம்பந்தி வீட்டு ஏசி

நல்லமுத்துவை ஏசி மாட்டக் கூப்பிட்டால் அரைநாள் போய்விடும் என்பது அருப்புக்கோட்டையில் ஊரறிந்த சங்கதி. பாலவனத்தத்திலிருந்து பைக்கின் பின்னால் பம்பைக் கட்டிக்கொண்டு வருவான். வீட்டுக்குள் இருக்கும் பெட்டியையும் மாடியில் இருக்கும் பெட்டியையும் செம்புக் குழாயால் இணைத்து, நட்டை முறுக்கி முடித்ததும் மற்றவர்கள் சுவிட்சைப் போட்டுக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவனுக்கு அப்போதுதான் வேலையே தொடங்கும். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்பான். அப்புறம் பம்பை நிறுத்திவிட்டு, மீட்டர் முள் அசைகிறதா என்று பார்த்தபடி குத்தவைத்து உட்கார்ந்திருப்பான். முள் அசையாமல் நின்றால்தான் வெளிப்பெட்டியில் அடைத்து வந்த கேஸைக் குழாய்க்குள் திறந்து விடுவான்.

என் வீட்டில் மாட்டிய அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. "போதும்ப்பா, போட்டு விடு" என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஆக்கப் பொறுத்தீக, ஆறப் பொறுங்க சார்" என்றான். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆனால் அந்த ஏசி இன்று வரை ஒரு குறையும் வைக்கவில்லை. அதிலிருந்து இருவரும் சேர்ந்து டீ குடிக்கும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டோம்.

பம்பு இல்லாமல் முடிக்கக் குறுக்கு வழி ஒன்று உண்டு. வெளிப்பெட்டி கேஸைக் கொஞ்சமாகத் திறந்தால், அது குழாயில் இருக்கும் காற்றைப் புஸ்ஸென்று வெளியே தள்ளும். உடனே நட்டை இறுக்கிவிட வேண்டியதுதான். இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். காற்று முழுதாகப் போகாது. உள்ளே தங்கியது உச்சி வெயிலில் தன் வேலையைக் காட்டும். அப்படிச் செய்கிறவர்களை நல்லமுத்து வாய்க்கு வந்தபடி திட்டுவான்.

அந்த வழியில் அவனும் ஒரு தடவை போனான். அதுவும் சொந்தத் தங்கச்சி வீட்டில்.

தங்கச்சி ராமலட்சுமியை மாசி மாதம் திருச்சுழியில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்கு லீவுதான் போட்டிருந்தாள். பங்குனிக்குள் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று லேபில் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை சக்திகுமார் நல்ல மாதிரி. "அம்மாகிட்டச் சொல்லிட்டுப் போயேன்" என்றார். அந்த அம்மா சுப்புலட்சுமியிடம் சொல்வதற்குத்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை. சிடுசிடுக்கிற மனுஷியும் இல்லை. ஆனாலும் மாமியார் மாமியார்தானே.

அண்ணன் சீராக ஒரு ஏசி கொடுப்பதென்று பேச்சு. மறுவீடு முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை காலையில் நல்லமுத்துவே அதை எடுத்துக்கொண்டு போனான். பழைய வீடு, கருங்கல் சுவர். குழாய்க்குத் துளை போடுவதற்குள் பொழுது ஏறிவிட்டது. கூடத்தில் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ராமலட்சுமி அண்ணன் பக்கத்திலேயே நின்றாள். இணைப்பெல்லாம் முடித்துவிட்டு அவன் பம்பைத் தூக்கும்போது சுப்புலட்சுமி உள்ளே வந்தார்.

"தம்பி, ராகுகாலம் பொறக்கப் போகுது. சீர்ச் சாமான் பாருங்க, அதுக்கு முன்னாடியே ஓட விட்ருங்களேன்."

என்னிடமென்றால் அவன் எப்படிப் பேசியிருப்பான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது பெண் கொடுத்த இடம். முதன்முதலாக வந்த வீட்டில் சம்பந்தியம்மாளின் பேச்சை மறுத்துவிட்டு வந்தால், அதன் பலனை அனுபவிக்கப் போகிறவள் தங்கச்சி என்று பயந்தான். "சரி அத்தை" என்று பம்பைக் கீழே வைத்தான். மாடிக்குப் போய் கேஸைத் திறந்தான். புஸ்ஸென்றது. நட்டை இறுக்கினான். ராகுகாலத்துக்கு முன்பே ஏசி ஓடியது. சுப்புலட்சுமி அதற்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். கை கழுவும்போது ராமலட்சுமியைத் தேடினான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள்.

பங்குனி வரை ஓடியது. சித்திரை வெயில் ஏறியதும் மத்தியானத்தில் தானாக நின்று நின்று போனது. சக்திகுமார் போன் பண்ணிச் சொன்னபோது, "நாளைக்கே வாரேன் மாப்பிள்ளை" என்றான். என்ன கோளாறு என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

மறுநாள் போய்ப் பழைய கேஸை எடுத்துவிட்டுப் பம்பை மாட்டினான். இனி காத்திருக்க வேண்டியதுதான். ராமலட்சுமி மோர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"லேபுக்குப் போகலையா நீ? இன்னைக்கு லீவா?"

"நான் போகவே இல்லையேண்ணே."

"அத்தை வேணாம்னுட்டாகளா?"

"நான் கேட்டாத்தான வேணாம்னு சொல்ல." பம்புச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி கொஞ்சம் கிட்டே வந்தாள். "அன்னைக்கு நான் எதுக்கு ஒன் பக்கத்துலயே நின்னேன்னு நெனைக்கிற? நீ எப்படியும் ஏலாதுன்னு சொல்லுவ, அந்தச் சூட்டோட நானும் லேபு விசயத்தச் சொல்லிருவோம்னுதான். ஊரு பூராம் ஏலாதுன்னு சொல்றவன், இவுக கிட்ட சரின்னுட்ட. பெறகு நான் எந்த வாயாலண்ணே சொல்ல?"

நல்லமுத்து மோரைக் கீழே வைத்தான். "இப்பச் சொல்லு தாயி. நான் இருக்கேன்ல" என்றான்.

"அந்த எடத்துக்கு வேற பிள்ள வந்துருச்சு."

அதற்குள் கூடத்திலிருந்து சுப்புலட்சுமியின் குரல் வந்தது.

"இன்னும் எம்புட்டு நேரமாகும் தம்பி?"

"நேரமாகும் அத்தை. அவசரப்பட்டா சரிப்படாது."

"அதுக்கென்ன, மெதுவாப் பாருங்க" என்றார் சுப்புலட்சுமி. "அன்னைக்கும் இப்பிடி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க என்ன வேணாம்னா சொல்லப் போறோம்?"

அண்ணனும் தங்கச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.