ஆறு பேர் இன்னும் பஸ்ஸில்

ஆல்டன் புரூயிட்டைத் தெரியாது என்று ரீனோவில் ஒருவர் சொன்னால், அவர் இந்த ஊரில் பள்ளிக்கூடம் போனதில்லை என்று அர்த்தம். தலை நரைக்கும் வரை மஞ்சள் பஸ் ஓட்டியவர் ஆல்டன். ஒரு ஜனவரியில் அந்த பஸ் பனியில் வழுக்கி, முழு வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி, போக வேண்டிய திசையைப் பார்த்தே நின்று, மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. எதிரே வந்த பால் வண்டிக்காரர் கண்ணால் பார்த்த சாட்சி. அந்த அதிர்ச்சியில் வண்டியிலிருந்த பாலெல்லாம் வெண்ணெயாகிவிட்டது என்பது மட்டும் நான் சேர்த்தது.

ஆல்டனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை ஏறினால் மனசுக்குள் ஒன்று கூட்டுவார், இறங்கினால் ஒன்று கழிப்பார். யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் அந்தக் கணக்கு தன்பாட்டுக்கு உள்ளே ஓடும். கடைசி நிறுத்தத்தில் பூஜ்யம் வராவிட்டால் எழுந்து பின்சீட்டு வரை நடந்து பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் கெட்டிலை அடுப்பில் வைத்து மறந்து, அடி கருகும் வரை விட்டார். இன்னொரு நாள் காரை ஓடவிட்டபடியே இறங்கி முடிவெட்டிக்கொள்ளப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரி நான்தான் போய் அணைத்தேன்.

சாக்ரமெண்டோவில் இருந்த மகள் கொரீன், சங்கதி கேள்விப்பட்டு வந்து இறங்கினாள். கையில் ஒரு பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை. அப்பாவின் துணிமணிகளுக்காகக் கொண்டுவந்தது. அங்கே மாப்பிள்ளை பின்னறையைக் காலி செய்து கொண்டிருந்தார். ஆல்டனோ, இங்கே ஓடும் ட்ரக்கீ ஆறு கண்ணில் படாத ஊரில் தனக்கு மூச்சு வராது என்று சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில்தான் முடிவெட்டும் கடையில் ஒரு பேச்சு அவர் காதில் விழுந்தது. கேசினோவில், பிளாக்ஜாக் என்ற பந்தயச் சீட்டாட்ட மேசையில் எந்தச் சீட்டுப் போயிற்று, எது பாக்கி என்று எண்ணிக்கொண்டே ஆடும் ஆட்கள் இருக்கிறார்களாமே! இத்தனை வருஷம் சூதாட்டத்துக்குப் பேர்போன இந்த ஊரில் இருந்தும் சீட்டைத் தொடாத மனிதர், அன்று மாலையே ஒரு கட்டு வாங்கிவந்து சமையலறையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐலீன், இது என் வேலையேதான்!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க பாரு. ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் பொடிப்பசங்க, பஸ்ல ஏறுறவங்க. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் எல்லாம் பெரிய பசங்க, இறங்குறவங்க. ஏழு, எட்டு, ஒன்பது சும்மா ரோட்டோரம் நின்னு வேடிக்கை பாக்குதுங்க. கட்டு தீர்றப்போ பஸ் காலியா இருக்கணும்."

"நடுவுல பஸ் ரொம்பிடுச்சுன்னா?"

"பெரிய சீட்டெல்லாம் இன்னும் கட்டுக்குள்ள இருக்குன்னு அர்த்தம். அப்பதான் தைரியமா பந்தயம் வைக்கணும்."

ஒரு சீட்டை நான் ஒளித்துவைத்தேன். மீதியை மளமளவென்று புரட்டிவிட்டு, "ஒரு பொடியன் ஏறலை. உன் மடியில இருக்கான்" என்றார். எடுத்துப் பார்த்தால் ஸ்பேட் மூன்று.

கொரீன் இதற்கெல்லாம் மசிகிறவள் இல்லை.

"சமையல்கட்டுல உக்காந்து யார் வேணா எண்ணலாம்ப்பா. கேசினோ சத்தத்துல எண்ணுங்க பாக்கலாம்."

"எண்ணிட்டா?"

"காலிப் பெட்டியோட நான் மட்டும் ஊருக்குப் போறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ஒரு தடவை கணக்கு விட்டுப்போனாலும் நீங்க என்கூட கார்ல ஏறணும். விட்டுப்போச்சுன்னு நீங்களே சொல்லணும், ஏமாத்தக் கூடாது."

"சொல்றேன். நான் பொய்க்கணக்கு சொல்லியிருந்தா எத்தனை புள்ளைங்க பனியில நின்னிருக்கும் தெரியுமா?"

சனிக்கிழமை காலை மூவருமாக ஆற்றங்கரைப் பக்கத்துச் சிறிய கேசினோவுக்குப் போனோம். உள்ளே காசு போட்டு ஆடும் எந்திரங்கள் தகர டப்பாவில் ஆலங்கட்டி விழுவது போல இரைந்தன. ஆல்டன் தேவாலயத்துக்குப் போடும் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். மேசையில் ட்வைலா என்ற பெண் ஒற்றைக் கட்டைக் கையில் பிடித்து, சூயிங்கம் மென்றபடி சீட்டு வீசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு லாரிக்காரர். கொரீனும் நானும் பின்னால் நின்றோம்.

முதல் சில ஆட்டங்களில் ஆல்டனின் உதடு அசைந்தது. மகள் முதுகில் ஒரு குத்து விட்டதும் நின்றது. அப்புறம் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பஸ் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்கும் அதே முகம்.

அந்த நேரம் பார்த்துப் பானம் கொண்டுவரும் பெண் குனிந்து, "என்ன கண்ணு வேணும் உனக்கு?" என்றாள்.

"நாலு" என்றார் ஆல்டன்.

"நாலு என்னது? காபியா?"

அவர் தலையை ஆட்டிவைத்தார். நாலு காபி வந்தது. கொரீன் என் காதில், "பாத்தீங்களா, என்ன கேட்டாங்கன்னே புரியலை இவருக்கு" என்றாள். "அவர் சொன்னது பஸ் கணக்கு. உனக்குத்தான் புரியலை" என்று சொல்லி, நான் இரண்டு காபியைக் குடித்து உதவி செய்தேன்.

கட்டை மறுபடி கலைத்துப் போட்டதும் பொடிச் சீட்டுகளாகவே வந்து விழுந்தன. இரண்டு, ஐந்து, மூன்று, நான்கு, மறுபடி ஐந்து, மறுபடி இரண்டு. ஆல்டனின் முதுகு நிமிர்ந்துகொண்டே போயிற்று. அதுவரை ஒவ்வொரு பந்தயச் சில்லாக வைத்தவர், இருந்த குவியல் முழுவதையும் முன்னால் தள்ளினார். ட்வைலாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. குவியலைப் பார்த்தாள், கிழவரைப் பார்த்தாள், மீதிச் சீட்டுகளை வாரிச் சேர்த்துக் கலைக்கத் தொடங்கினாள். யாரோ எண்ணுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால், கட்டு தீருமுன்பே கலைத்துவிடுவது அவர்கள் வழக்கம்.

ஆல்டன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கை தானாகவே பிரேக் கம்பியைத் தேடிற்று.

"ஏம்மா, நிறுத்து நிறுத்து! இன்னும் ஆறு பேர் உள்ள இருக்காங்க!"

லாரிக்காரர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"போச்சு" என்றாள் கொரீன். அவள் கண் கலங்கிவிட்டது. "பெட்டி கார்லதான் இருக்கு. வாங்கப்பா, போலாம்."

அதற்குள் மேசைகளை மேற்பார்க்கும் ஆள் வந்துவிட்டார். நாற்பது வயதுக்காரர், கட்டை மீசை. ட்வைலா அவரிடம் என்னமோ முணுமுணுத்தாள். அவர் அவள் கையிலிருந்த கட்டை வாங்கினார். அவள் கலைத்தது ஒரே ஒரு தடவைதான். கழிந்த சீட்டு ஒரு பக்கமும் கழியாதது ஒரு பக்கமுமாகப் பிரித்து எண்ணினார். எண்ணிவிட்டு மீசையைத் தடவினார். ஒரு தடவை கலைத்த கட்டை எப்படிப் பிரித்தார் என்று கேட்காதீர்கள். மேற்பார்வையாளர்களுக்கு முதுகிலும் கண் உண்டு.

"ஆறுதான். சார், நீங்க இங்க சாப்பிடலாம், மாடியில ரூம் எடுத்துத் தூங்கலாம், எந்த ஆட்டம் வேணா ஆடலாம். பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம். உங்க ஞாபக சக்திக்கு எங்க கடை தாங்காது."

ஆல்டன் மெதுவாக உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுப்பா. சத்தமா. என் பொண்ணுக்குக் கேக்கணும்."

"உங்க ஞாபக சக்தி அபாரம் சார்! இனிமே இந்த மேசைக்கு வராதீங்க!"

கொரீன் விடவில்லை. "இவர் அடுப்புல கெட்டிலை மறந்துட்டு வர்றவருங்க. நல்லா விசாரிச்சுதான் சொல்றீங்களா?"

"அம்மா, கெட்டிலைப் பத்தி எனக்குத் தெரியாது. எண்ணுறவங்களைப் பிடிக்கறதுதான் எனக்குச் சம்பளம். பழம் தின்னு கொட்டை போட்டவங்ககூட இந்த இரைச்சல்ல தடுமாறுவாங்க. இவரு எத்தனை வருஷமா ஆடுறாரு?"

"காலையிலேருந்து" என்றேன் நான்.

அவர் ஆல்டனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவருடைய தொப்பியை எடுத்துக் கொடுத்தார், மரியாதையாகத்தான்.

கொரீன் கொஞ்ச நேரம் அப்பாவின் தோளில் கை வைத்து நின்றாள். பிறகு சுவரோரம் இருந்த தொலைபேசியில் காசு போட்டாள். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

"பின்ரூமைக் காலி பண்ண வேண்டாம்... ஆமா, அவரு வரலை... ரீனோலதான் இருப்பாரு... இல்லைங்க, தோத்ததால வெளிய அனுப்பலை. உங்களுக்கு எப்படிச் சொல்றது..."

ஆல்டன் மேற்பார்வையாளரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, எதிர் மேசையில் சுழன்ற சூதாட்டச் சக்கரத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுல ஏறுறது யாரு, இறங்குறது யாரு?"