பந்து மட்டும்தானா?

இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்த மறுநாள் காலை, வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் ஒரு நெற்றுத் தேங்காய் மிதந்து வந்து படியில் தட்டி நின்றது. குனிந்து அதைப் புரட்டி விட்டேன். உருண்டு, பழைய பக்கத்தையே மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. மறுபடி புரட்டினேன். மறுபடியும் அதே பக்கம். வெளியே கிளம்பிய என் கணவர் வண்டியை நிறுத்தி, "தேங்காயோட என்ன சண்டை?" என்றார். சண்டை தேங்காயோடு இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

புதுத்தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. வெடித்துக் கிடந்த மண்ணும் மக்கிய சருகும் சேர்ந்த வாசனை. அது மூக்கில் ஏறினால் எல்லாருக்கும் வயல் ஞாபகம் வருமாம். எனக்கு வருவது, தஞ்சாவூரில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த கல்லூரியின் ஓர் அறை. ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால், அதற்கு அப்பால் ரைஸ் மில். எந்நேரமும் தவிட்டு வாசனை. உள்ளே இரண்டு மேசைகள். ஒன்று என்னுடையது. என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்காதீர்கள். அதை முழுதாகப் படித்தவர் தட்டச்சு செய்தவர் ஒருவர்தான், அவருக்கும் வேறு வழியில்லை. இன்னொரு மேசை வளர்மதியுடையது.

அவள் சீர்காழிப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்து, பிறகு கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்தவர்கள். ஒருமுறை அவள் அப்பா எங்கள் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவே அவரை வற்புறுத்த வேண்டியிருந்தது.

"எதப் பத்திம்மா படிக்கிற?"

"மிதக்குறதப் பத்திப்பா."

"எது மிதக்குது?"

"அதாம்பா தெரியல."

அவர் யோசித்துவிட்டு, "சரி, மெதுவாப் பாரு" என்றார்.

கேள்வி இதுதான். தண்ணீரில் எப்படித் திருப்பிப் போட்டாலும், போட்டபடியே அசையாமல் மிதக்கிற உருவம் எது? மரப்பந்து அப்படி மிதக்கும். அதற்கு மேல் கீழ் கிடையாது. மாங்காயோ கட்டையோ போட்டால், புரண்டு தனக்குப் பிடித்த பக்கத்துக்கு வந்துவிடும். அப்படியானால் பந்து மட்டும்தானா? எங்கும் குழி விழாத, உள்ளே ஒரே சீரான கனமுள்ள வேறெந்த உருவத்துக்கும் அந்தக் குணம் இருக்க முடியாதா? வெகுகாலமாக யாருக்கும் தெரியவில்லை. பந்து மட்டும்தான் என்று வளர்மதி நம்பினாள். தண்ணீரில் பாதி அடர்த்தி உள்ள, அதாவது சரிபாதி மூழ்கி மிதக்கிற உருவங்களுக்கு அதை நிரூபித்தும் விட்டாள். அவளுடைய ஆராய்ச்சிக் கைடு சரிபார்த்தார், நானும் பார்த்தேன். கணிதத் துறையே கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் வெளியூர்ப் பேராசிரியர்கள் முன் பேசியாக வேண்டும். அவளுக்கு நீட்டித்துக் கொடுத்த அவகாசமும் தீரும் தறுவாயில் அந்தக் கூட்டம் வைத்தார்கள். அன்று காலை நான் திருவிடைமருதூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாபநாசம் தாண்டியதும், வெளிநாட்டில் இருக்கும் பழைய வகுப்புத் தோழன் போனில் ஒரு கட்டுரையை அனுப்பினான். "உன் ஃப்ரெண்டு இதப் பாத்தாங்களா?" முதல் சில வரிகளே போதுமாக இருந்தன. பந்து அல்லாத ஓர் உருவம், பாதி அடர்த்தி, எப்படிப் போட்டாலும் போட்டபடியே மிதக்கிறது. உட்கார இடம் கிடைத்திருந்தும் எழுந்து நின்றுவிட்டேன், நின்றால் பஸ் வேகமாகப் போகும் என்பதுபோல.

எங்கள் அறையில் வளர்மதி கஞ்சி போட்ட நீலப் புடவையில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வளரு, கொஞ்சம் உக்காரு."

"என்னடி? அப்பாவுக்கு எதாவதா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. இதப் படி."

படித்தாள். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள். கடைசியில், "ரெண்டும் சரியா இருக்க முடியாது" என்றாள்.

"இத எழுதினவர்கிட்ட தப்பு இருக்கலாம்ல?"

"இருக்கலாம்." ஆனால் அவள் கையில் எடுத்தது தன்னுடைய நிரூபணத்தை. முதல் வரியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். விருந்தாளிகளுக்கு வாங்கிய கேசரியின் நெய் மணம் வராந்தா வரை வந்தது. வாசலில் கார் வந்து நின்றது. அவள் விரலும் நின்றது.

"இங்கடி."

ஒரு பூசணிக்காயை எந்தக் கோணத்தில் சரிபாதியாக வெட்டினாலும் கத்தி ஒரே நடுப்புள்ளி வழியாகத்தான் போகும் என்பது போன்ற ஒரு வரி. எப்படிப் பார்த்தாலும் இரு பக்கமும் ஒத்திருக்கிற காய்க்கு அது உண்மை. கோணல் காய்க்கு உண்மையில்லை. அந்த வரியை நானும் எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன், பழகின தெருவில் நடப்பதுபோல. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, இரு பக்கமும் ஒத்த உருவங்களில் பந்து மட்டும்தான் என்ற, ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

கைடு உள்ளே வந்தார். சொன்னோம். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அத இன்னும் யாரும் சரிபாக்கல. நீ உன்னோடதச் சொல்லிட்டு இறங்கு. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

"தப்பு அவர்கிட்ட இல்ல சார். எங்கிட்ட இருக்கு."

"இன்னைக்கு விட்டா உனக்கு வேற நாள் கெடையாது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

மேடையில் அவள் அந்த முகம் தெரியாத மனிதரின் உருவத்தை வரைந்தாள். பிறகு தன் நிரூபணத்தை எழுதி, உடைகிற வரிக்குக் கீழே கோடு போட்டாள். அப்போதுதான் சாக்பீஸ் ஒடிந்தது. நான் கைடைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியை, "அப்ப உங்க கையில என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பாதி அடர்த்திக்கு விடை வந்துருச்சு மேடம். மத்த அடர்த்திக்குப் பந்து மட்டும்தானான்னு இன்னும் தெரியாது. அங்கேருந்து ஆரம்பிக்கணும்."

பேராசிரியை கைடின் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு டைம் குடுங்க" என்றார். அவகாசம் கேட்கும் விண்ணப்பத்தில் கைடே கையெழுத்துப் போட்டார், அவளை நிமிர்ந்து பார்க்காமல். ஓய்வு பெறும் வரை அவர் அவளோடு வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "என்னம்மா, கண்டுபுடிச்சாச்சா?"

"வேற ஒருத்தர் கண்டுபுடிச்சுட்டாருப்பா."

"நல்லவேள. உனக்கு வேல மிச்சம்."

அவள் சிரித்தாள். ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வரும் வரை சிரித்தாள். அதற்குள் அது அழுகையாக மாறியிருந்தது.

பிறகு தாளில் தட்டையாக வரையும் உருவங்களைப் பற்றி ஏதோ சின்னதாக நிரூபித்துப் பட்டம் வாங்கிவிட்டாள். இப்போது வேதாரண்யத்தில் பள்ளி ஆசிரியை. எங்கள் அறையை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள், மில்லும் மூடிவிட்டது. அதெல்லாம் போகட்டும். போன தையில் நான் வேதாரண்யம் போயிருந்தபோது கடற்கரையில் நின்றுகொண்டிருந்தோம். படகுகள் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"இப்பவும் பாக்குறியா வளரு, எது எப்படி மிதக்குதுன்னு?"

"முன்னல்லாம் டம்ளர்ல தண்ணி இருந்தாக்கூட எதையாவது போட்டுப் பாப்பேன்ல?" என்றாள். "இப்ப தண்ணியப் பாத்தா தண்ணியாத்தான்டி தெரியுது."