இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒரு சீட்டு

இது எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான். நள்ளிரவு, மழை, நாய் ஊளை என்று கதை அளக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இது நடந்தது ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில். வெளியே நல்ல வெயில்.

என் பெயர் விஸி கிஸ்லர். சுவிட்சர்லாந்தின் ஊரி மலைப்பக்கத்தில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சரிசெய்து விற்கிறேன். வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மடையர்கள். சமையல் கத்தியால் திருகாணியைக் கழற்றப் பார்த்து, அதன் தலையை மழுக்கிவிட்டு என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். நானோ ஒவ்வொரு திருகாணிக்கும் தனித்தனியாக ஒரு திருப்புளி தீட்டி வைத்திருப்பவன். துப்பாக்கியின் மரக்கட்டையில் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணியைப் போட்டு, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்க வேண்டும். ஆவியில் மரம் உப்பி, பள்ளம் மேலே வந்துவிடும். இதுகூடத் தெரியாமல் உப்புத்தாளால் தேய்த்து நல்ல மரத்தைப் பாழாக்குகிற கூட்டம் அது.

அந்தக் கூட்டத்துக்கு இன்னொரு கிறுக்கு உண்டு. எங்கள் ஊர்ச் சிப்பாய்கள் தங்கள் பெயரையும் வீட்டையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, துப்பாக்கிக் கட்டையின் பின்முனையில் இருக்கும் இரும்புத் தகட்டுக்கு அடியில் வைத்துத் திருகிவிடுவார்கள். அந்தச் சீட்டு இருந்தால் போதும், வாங்குகிறவர்கள் கண்ணீரே விடுவார்கள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ரோஸ்மரி என்ற கிழவி வந்தாள். வயது எண்பத்துமூன்று.

"தம்பி, எங்கப்பா பேரு அம்ப்ரோஸ் ஸ்க்ராகன். நாப்பத்திநாலுல கணவாய்க் காவலுக்குப் போனவரு, பனிச்சரிவுல போயிட்டாரு. அவரு துப்பாக்கி உங்ககிட்ட இருக்குமா?"

"இங்க நூறு கட்டை கிடக்கும்மா. நான் என்ன ஜோசியமா பாக்குறேன்?"

"கோவிச்சுக்காதீங்க. எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. அவரு கையெழுத்துன்னு வீட்டுல ஒண்ணுமே இல்ல. பார்வை போறதுக்குள்ள அந்தச் சீட்டை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்."

சனிக்கிழமை வரச் சொன்னேன். அவள் போனதும் சிரித்தேன். அரைக்குருட்டுக் கிழவிக்கு எந்தச் சீட்டாயிருந்தால் என்ன?

இருப்பதிலேயே மட்டமான துப்பாக்கியை எடுத்தேன். கட்டை முழுக்க பூட்ஸ் ஆணி குத்திய பள்ளங்கள். அதற்குள் இருந்த சீட்டு ஈரத்தில் ஊறிக் கூழாகியிருந்தது, ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அதை முந்தின வாரமே அடுப்பில் போட்டிருந்தேன். ஓரத்தில் தீப்பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்புக் கதவைச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இஸ்திரிப் பெட்டியால் பள்ளங்களை எல்லாம் எழுப்பினேன். பிறகு ஒரு தாளைத் தேநீரில் நனைத்து அடுப்பருகே காயவைத்தேன். எண்பது வருடப் பழசு மாதிரியே வந்தது. அதில் பென்சிலால் அம்ப்ரோஸ் ஸ்க்ராகன் என்று எழுதி, தகட்டுக்கு அடியில் வைத்து முடுக்கினேன். மணி 2:10.

சாப்பிட்டுவிட்டு 2:40க்கு வந்தேன். சீட்டு மேஜைமேல் கிடந்தது. குப்புற. நனைந்து.

தகடு அதன் இடத்திலேயே இருந்தது. திருகாணிகள் இறுக்கமாக இருந்தன.

"பெர்த்தா! பட்டறைக்குள்ள வந்தியா?"

"உங்க துருப்பிடிச்ச குப்பையை நான் ஏன் தொடப்போறேன்?" என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்தே.

சரி, முதல் தடவை உள்ளே வைக்க மறந்திருப்பேன். வயசாகிறது. சீட்டைக் காயவைத்து மறுபடி உள்ளே வைத்தேன். திருகாணித் தலையிலிருந்து தகடுவரை சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். யாராவது திருகினால் கோடு உடைந்துவிடும். கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலிலேயே காபியோடு உட்கார்ந்தேன்.

3:25.

கிர்ர்ர்... கிர்ர்ர்...

திருகாணி சுற்றுகிற சத்தம். முப்பது வருடமாகக் கேட்கிற சத்தம், எனக்குத் தெரியாதா?

கதவைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை.

சிவப்புக் கோடு உடையவில்லை. சீட்டு வெளியே கிடந்தது.

காலையில் நான் எழுப்பிய பள்ளங்கள்... எல்லாம் திரும்ப வந்திருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. கட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

டப்... டப்...

தொட்டேன். ஐஸ் தண்ணீர்.

அப்போதும் நான் அடங்கவில்லை. "யாருடா அது, எனக்கே வித்தை காட்டுறது?" என்று கத்தினேன். சீட்டை மூன்றாவது முறை உள்ளே வைத்து முடுக்கினேன். துப்பாக்கியை மடியில் போட்டு, தகட்டை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

4:05.

ஈரக் கம்பளி நாற்றம் வந்தது.

சிமென்ட் தரையில் ஆணி பூட்ஸ்... டக்... டக்... என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

என் கைக்கு அடியில் திருகாணி சுற்றியது.

நான் விடவில்லை.

என் கைமேல் இன்னொரு கை விழுந்தது.

குளிர்.

விட்டுவிட்டேன்...

எப்படி வெளியே ஓடினேன் என்று தெரியாது. பெர்த்தாதான் போய்ப் பார்த்தாள். என் சீட்டு தரையில் கிடந்ததாம், நாலு துண்டாக. அதை அவள் கையாலேயே குப்பையில் போடச் சொன்னேன்.

சனிக்கிழமை ரோஸ்மரி வந்தாள். வேறொரு சீட்டு எழுத எனக்குத் தைரியம் இல்லை. அந்தத் துப்பாக்கி பட்டறையில் இன்னொரு நாள் இருக்கவும் கூடாது. ஊரையெல்லாம் மடையன் என்று திட்டியவன், தகட்டில் கை படாமல் பிடித்து அதை அவளிடம் நீட்டினேன்.

"உள்ள சீட்டு எதுவும் இல்லம்மா. யாருதுன்னே தெரியாது. சும்மா எடுத்துட்டுப் போங்க."

அவள் கட்டையைத் தடவினாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"தம்பி, ஏன் பொய் சொன்னீங்க? மருமகன் நேத்து சமையல் கத்தியாலேயே தகட்டைக் கழட்டிட்டான். சீட்டு உள்ளதானே இருக்கு!"

தொலைபேசியைக் காதோடு இன்னும் அழுத்தினேன்.

"அப்பா பேரு இருக்கு. எங்க பழைய மலைவீட்டுப் பேரு இருக்கு. அதை நான் உங்ககிட்ட சொல்லவே இல்லியே. நல்லவேளை, கண்ணு போறதுக்குள்ள பாத்துட்டேன். தாள்தான் கொஞ்சம் ஈரமா இருக்கு..."

"வேற... வேற என்னம்மா?"

"வேற ஒண்ணும் இல்ல. ஒரு ஓரம் மட்டும் கருகியிருக்கு."