சுத்தியலுக்குப் பக்கத்தில் என் மவுஸ்

மவுஸ் ஓடவில்லை என்று ஹாஸ்டலில் யார் வந்து என் அறைக் கதவைத் தட்டினாலும், நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "திருப்பிப் பாத்தீங்களா?" டிரைவர், செட்டிங்ஸ் எல்லாம் அப்புறம். இந்த ஞானம் எனக்குக் கிடைத்தது எட்டாம் வகுப்பில், ஒரு விஜயதசமி காலையில், என் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று நான் உறுதியாக நம்பிய நேரத்தில்.

துடியலூரில் எங்கள் வீடு மாடியில். கீழே அப்பாவின் லேத் பட்டறை. மோட்டார் பம்புகளுக்கான உருப்படிகளைக் கடைந்து கொடுப்பார். என் பிறந்தநாளுக்கு மாமா காந்திபுரத்தில் அந்த கேமிங் மவுஸை வாங்கித் தந்திருந்தார். அடேயப்பா, அது என்ன மவுஸ்! முதுகு முழுக்கப் பச்சையும் ஊதாவுமாக வெளிச்சம் ஓடும். கட்டைவிரலுக்கென்றே தனிப் பொத்தான்கள். லேசாகத் தள்ளினாலே திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பாயும். அப்பாவுக்கு மட்டும் அதைக் கண்டாலே ஆகாது. "வெளையாட்டுச் சாமானுக்கு எதுக்கு கண்ணு இத்தனை லைட்டு?" என்பார்.

பொள்ளாச்சியில் இருந்த பெரியப்பா மகன், கல்லூரியில் படிக்கிற அண்ணன், நண்பர்களோடு சேர்ந்து ஆன்லைன் துப்பாக்கிச் சண்டைக்கு ஒரு டீம் வைத்திருந்தான். அதில் ஓர் இடம் காலியானது. நச்சரித்து, கெஞ்சி, அவன் வந்தபோதெல்லாம் என் பங்கு முறுக்கையும் கொடுத்து, ஒரே ஒரு மேட்சுக்கு அவனைச் சம்மதிக்க வைத்தேன். விஜயதசமி காலையில் ஆட்டம். நன்றாக ஆடினால் இடம் எனக்கு. சொதப்பினால் அவன் கிளாஸ்மேட்டுக்கு.

முதல் நாள் ஆயுத பூஜை. பயிற்சி எடுக்கலாம் என்று உட்கார்ந்தால், மேசையில் மவுஸைக் காணோம்! படிகளில் தாவிக் கீழே ஓடினேன். பட்டறையில், வாழையிலை மேல், சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில், தலையில் சாமந்திப் பூவோடு என் மவுஸ் உட்கார்ந்திருந்தது. முதுகில் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. நான் அழாத குறையாக நின்றதைப் பார்த்து அம்மா சொன்னாள்: "லேத்தே லீவு போட்டிருக்குது. உன்ற மவுஸுக்கு மட்டும் என்ன அவசரம், அம்மணி?"

மறுநாள் கற்பூரம் காட்டிய கையோடு அதை அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். முதுகிலிருந்த பொட்டைத் துடைத்தேன். செருகினேன். விளக்கெல்லாம் ஜோராக எரிந்தது. ஹெட்போனை மாட்டினேன். ஆட்டம் தொடங்கியது. நான் மவுஸைத் தள்ளினேன். துப்பாக்கி அசையவில்லை!

கிளிக் செய்தால் சுடுகிறது. திரும்பத்தான் மாட்டேன் என்கிறது. என் ஆள் ஒரு சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அந்தச் சுவரையே சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏ புள்ள, அந்தச் செவுரு உன்னைய என்ன பண்ணுச்சு?" என்றான் அண்ணன். பின்னால் அவன் நண்பர்கள் சிரிப்பது கேட்டது.

"மவுஸ் ஓடுலண்ணா!"

"ஆடத் தெரியாதவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. இந்த ரவுண்டு முடியறதுக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி என்ற கிளாஸ்மேட்டைக் கூப்புட்டுப்போடுவேன்."

யுஎஸ்பியைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன். அப்போதும் அசையவில்லை. டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன். வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். மவுஸ்பேடு சரியில்லையோ என்று கணக்கு நோட்டின் மேல் தேய்த்தேன், தொடையில் தேய்த்தேன், தலையணையில்கூடத் தேய்த்தேன். நிதானமாக யோசிக்கிற புத்தி கடைசியில்தான் வந்தது. விளக்கு எரிகிறது, கிளிக் போகிறது. அப்படியானால் ஒயரில் கோளாறு இல்லை. மவுஸுக்குத் தான் நகர்வதே தெரியவில்லை. அதன் கண்ணில்தான் ஏதோ!

திருப்பினேன். அடியில் எப்போதும் சிவப்பாக மின்னும் அந்தச் சின்னக் குழி இருட்டாக இருந்தது. அதை அடைத்துக்கொண்டு, அளவெடுத்தாற்போல், ஒரு சந்தனப் பொட்டு. அதன் நட்டநடுவில் குங்குமம். ராத்திரியெல்லாம் காய்ந்து, கல்லாகியிருந்தது.

"அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் கீழே இருந்த அப்பாவே மேலே வந்துவிட்டார். காது குடைகிற பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து, கண்ணாடி கீறாமல், அந்தப் பொட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஹெட்போனில் அண்ணன் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ண ஆரம்பித்திருந்தான். கடைசித் துகள் வந்ததும் சிவப்பு மின்னியது! மவுஸைத் திருப்பி வைத்தேன். கதவு மறைவிலிருந்து ஒருத்தன் பாய்ந்து வந்தான். சட்டென்று திரும்பினேன், சுட்டேன், விழுந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் விழுந்தான். ஹெட்போனில் சிரிப்பு நின்றுபோனது.

மேட்சில் தோற்றோம். ஆனால் அண்ணன் சொன்னான்: "சரி, நாளையிலிருந்து வந்துரு. மவுஸைக் குளிக்க வெச்சுக் கூட்டிட்டு வா."

நாற்காலியிலிருந்து குதித்த பிறகுதான் எனக்குக் கோபம் ஞாபகம் வந்தது. "ஏம்மா, அடியில போய் யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

"நான் மேலதான் வெச்சேன்," என்றாள் அம்மா.

கதவோரம் நின்ற அப்பா தலையைச் சொறிந்தார். "நாந்தான் வெச்சேன் கண்ணு. லேத்துக்கு உருப்படியைக் கவ்வற சக்குல வெக்கறோம், டிரில்லுக்கு முனையில வெக்கறோம். இதுக்கு வேலை நடக்கற எடம் எதுன்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். அதுதான்னு பட்டுச்சு."

"போங்கப்பா! கெடுத்துப்போட்டு, பேச்சைப் பாரு," என்றேன்.

அவர் கீழே போய் லேத்தை ஓட்ட ஆரம்பித்தார். நான் கூடத்துக்கு வந்தேன். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிற டிவிக்கு ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. அதை விட்டுவிட்டு, வெளையாட்டுச் சாமான் என்று அவரே சொன்ன என் மவுஸைத் தேடிப் பிடித்துச் சுத்தியலோடு வைத்திருக்கிறாரே என்று, அன்று முழுக்க அதையே பெரிய அநியாயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.