மருதாணிக்கு அடியில் ஒளிந்த அம்மை

பங்கானிப் படகுத்துறையில் பஜ்ஜி சுடும் தவுசிக்கு வாய் நீளம். பஜ்ஜி கருகிப்போனால்கூட, “உன் நாக்குதான் கருகியிருக்கு, போ” என்று வாங்க வந்தவனையே திட்டி அனுப்புவாள். அப்பேர்ப்பட்டவள் அன்று காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. மூன்று வயது மகள் நெய்மாவின் வலது விலாவில், முதுகிலிருந்து வயிறுவரை சிவந்த கொப்புளங்கள் வரிசை கட்டியிருந்தன.

முதலில் எரிவண்டு பட்டிருக்கும் என்றுதான் நினைத்தாள். மழைக்காலத்தில் அது உடம்பில் நசுங்கினால் இப்படித்தான் பொத்துப்போகும். பக்கத்து வீட்டு சலூமு அக்கா சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

“அடிப் பாவி, இது வண்டு இல்லடி. பட்டாளத்து பெல்ட்டு!”

அக்கியை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பெல்ட்டின் இரண்டு முனையும் சுற்றிவந்து சேர்ந்தால் உயிர் போய்விடுமாம். குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வார்கள்: சின்னப் பிள்ளைக்கு அது வந்தால், தாயிடமிருந்து எய்ட்ஸ் வந்திருக்கிறது என்று அர்த்தமாம். தவுசி மகளின் சட்டையை அவசரமாகக் கீழே இழுத்துவிட்டாள்.

சலூமு அக்காதான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நெய்மாவுக்குப் பாதி நாள் சோறு ஊட்டுவதும் அவள்தான்.

டாக்டர் கொம்போ குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முதுகெலும்புகிட்ட ஆரம்பிச்சு தொப்புளாண்ட நின்னுடுச்சு பாரு. அந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்ல. அக்கி மாதிரிதான் தெரியுது. ஒரு பக்கத்து நரம்போடயே ஓடும், சுத்தி வந்து சேராது, பயப்படாத. ஆனா சின்னம்மை உடம்புல ஒளிஞ்சு கிடந்தாத்தான் அக்கி வரும். பாப்பாவுக்கு எப்ப வந்துச்சு?”

“வந்ததே இல்லைங்க.”

“சரி, இவ வயித்துல இருந்தப்ப உனக்கு? தாய்க்கு வந்தா உள்ள இருக்கிற பிள்ளைக்கும் ஒட்டிக்கும்.”

தவுசி சலூமு அக்காவைப் பார்த்தாள். இல்லை என்றால் தன் மானம் தப்பும். ஆனால் டாக்டர் பிள்ளையின் நோயை வேறெங்கேயோ தேடிக்கொண்டிருப்பார்.

“வந்துச்சுங்க,” என்றாள். “ஏழாம் மாசம். இந்த அக்கா பொண்ணு கல்யாணத்தப்ப. போகாம இருக்க மனசு கேக்கல. கையில இருந்த கொப்புளத்து மேலயே மருதாணிப் பூ போட்டு மறைச்சுக்கிட்டு...”

“ஆடினியேடி! என் பொண்ணு கையப் புடிச்சுக்கிட்டு ஆடினியேடி!” என்றாள் சலூமு அக்கா.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு மணப்பெண் மாமியார் வீட்டில் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு படுத்தாள். தெருவில் பாதிப் பேர் படுத்தார்கள். “கொண்டாந்தவ வீட்டுக்கே இது திரும்பட்டும்!” என்று சலூமு அக்கா வாசலில் நின்று கையேந்திச் சபித்தாள். பக்கத்தில் நின்று பலமாக ‘ஆமின்’ சொன்னவள் தவுசி.

“உன் சாபம் எம் புள்ள மேலயே திரும்பிடுச்சுக்கா. நானே ஆமின் சொல்லி வாங்கிக்கிட்டேன்.” தவுசி விசும்பி விசும்பி அழுதாள்.

சலூமு அக்கா திட்டவில்லை. தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். “ஐயோ, என் வாயில மண்ணு விழ! இந்தத் தங்கத்தையா சபிச்சேன்?”

“சாபத்துக்கு எங்கிட்ட டெஸ்ட் இல்ல. மத்ததுக்கு இருக்கு, ரெண்டு பேரும் மூக்கச் சிந்துங்க,” என்றார் டாக்டர். கொப்புளத்து நீரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு தாங்கா நகரத்துக்கு அனுப்பினார். இத்தனை சின்ன வயதில் அக்கி வந்தால் ரத்தமும் பார்க்க வேண்டும் என்று தாய்க்கும் பிள்ளைக்கும் எடுத்தார். இருவர் ரத்தமும் சுத்தம். எய்ட்ஸ் இல்லை என்று கேட்ட பிறகுதான் தவுசி கண்ணைத் துடைத்தாள்.

கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிரும்போது தாங்காவிலிருந்து பதில் வந்தது: சின்னம்மைக் கிருமிதான், அக்கியேதான். சேதி கேட்ட சலூமு அக்கா, நெய்மாவைத் தூக்கிக்கொண்டு நேராகப் பஜ்ஜி அடுப்புக்கு வந்தாள்.

“சின்னவளுக்கும் மாப்பிள்ளை பாத்தாச்சு. கல்யாணத்துக்கு மருதாணியோட வந்தே, வாசல்லயே சோப்புப் போட்டுத் தேய்ச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன்.” சொல்லிவிட்டு ஒரு கையை ஏந்தினாள். “அன்னைக்குச் சொன்னதத் திருப்பி வாங்கிக்கறேன். இந்த வீட்டுக்குள்ள இனிமே நல்லது மட்டும் வரட்டும். சொல்லுடி ஆமின்.”

தவுசி கரண்டியை வைத்துவிட்டுக் கையேந்தினாள். அதற்குள் சலூமு அக்காவின் இடுப்பில், வாய் நிறையப் பஜ்ஜியோடு இருந்த நெய்மாதான் முந்திக்கொண்டு ‘ஆமின்’ என்றாள்.