மேல் வரிசையில் நாலு லோகோ

பயோடேட்டாவில் சான்றிதழ் கொடுத்த கம்பெனியின் லோகோவைப் போடலாமா கூடாதா என்று இணையத்தில் தேடினால், உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நான் போடலாம் என்ற கட்சியில் சேர்ந்தேன். கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை, பயம்தான். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு சின்ன அலுவலகத்தில் பில்லிங் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அதற்கப்புறம் சங்கரன்கோவிலில் மாமனார் வீடு, பையன், சமையல். தாளில் எழுதினால் பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை. மிச்சமிருந்த வெள்ளை இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

பையன் தூங்கும் மத்தியானங்களில் பெரிய கம்பெனிகளின் கோர்ஸ்களை ஆன்லைனில் படித்து வாங்கிய சான்றிதழ்கள் நாலு இருந்தன. அதில் மூன்று, வீடியோவை ஓடவிட்டாலே கிடைத்துவிடுபவை. ஒன்றை வெங்காயம் உரித்துக்கொண்டே வாங்கினேன். நாலாவது மட்டும் நிஜம். திருநெல்வேலிக்குப் போய், கேமரா முன்னால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து எழுதுகிற பரீட்சை. முதல் தடவை தோற்று, மறுபடி எழுதித்தான் பாஸானேன்.

எங்கள் ஊரில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில்தான் பயோடேட்டாவும் அடிப்பார்கள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் வடிவமைக்கிற தம்பி, என் தாளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"என்னக்கா, லோகோவப் போயி அடியில வச்சிருக்கீங்க? அங்கன யாரு பாப்பா? மேல வரிசையாத் தூக்கி வைக்கேன், பாருங்க."

வைத்தான். ஃபிளெக்ஸின் உச்சியில் தலைவர்கள் படங்களை அடுக்கிப் பழகிய கை. எங்கள் ஊரில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. காதுகுத்து ஃபிளெக்ஸில் மேலே சிரிக்கிற தலைவர் காதுகுத்துக்கு வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அது ஒரு மரியாதை, பார்க்கவும் ஒரு களை. அந்தக் கணக்கிலேயே, உலகம் அறிந்த நாலு கம்பெனிகள் என் பெயருக்கு மேலே பளபளவென்று நின்றன. சான்றிதழ் எண்கள் இருந்த வரியை, "இது அசிங்கமா இருக்குக்கா" என்று அவன் அழித்தபோதும் தலையாட்டினேன். எனக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

தென்காசியில் ஒரு மென்பொருள் நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. கணவர் திருப்பூரில் இருப்பதால், மாமா உரக்கடையை அடைத்துவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்தார். பஸ்ஸில் என் கையிலிருந்த பயோடேட்டாவை வாங்கி, மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

என்னைக் கேள்வி கேட்ட பெண் என்னைவிடச் சின்னவள். பேனா முனையை முதல் லோகோவின் மேல் வைத்தாள்.

"இங்கே எத்தனை வருஷம் வேலை பார்த்தீங்க?"

"வேலை பார்க்கலை மேடம். அது அவங்க நடத்துற ஆன்லைன் கோர்ஸ்."

"ஓ. அப்போ இங்கே?"

"அதுவும் கோர்ஸ்தான் மேடம்."

பேனா மூன்றாவதுக்கு நகர்ந்தபோது நான் குனிந்துகொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். நாலாவதுக்கு அவள் வரவே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டாள். நானாகத்தான் வாயைத் திறந்தேன்.

"மேடம், இது மட்டும் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினது."

"அப்படியா? நம்பர் இருக்கா, பார்த்துடலாம்."

தாளை இரண்டு பக்கமும் திருப்பினேன். இருந்தால்தானே. மெயிலில் அனுப்புகிறேன் என்றேன். "சரி, அனுப்புங்க" என்று சிரித்தாள். மரியாதையான சிரிப்புதான். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். உருப்படியாகப் படித்த ஒன்றையும் டுபாக்கூர்களோடு வரிசையில் நிற்க வைத்து, நானே அதையும் டுபாக்கூர் ஆக்கிவிட்டேன். அன்றைக்கே எண்ணை அனுப்பினேன். பதில் வரவில்லை.

மாமா கீழே வாசலில் பையனுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சரிப்பட்டு வரலையா மக்கா?"

"இல்ல மாமா."

பஸ் கடையநல்லூர் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சிராத. பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்க அப்பா, மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலைன்னு மட்டுந்தான் சொன்னாவ. நானும் ஏதோ சின்ன எடம்னு நெனச்சிட்டேன். இன்னைக்குத்தான பாக்கேன், எம்புட்டுப் பெரிய கம்பெனில எல்லாம் இருந்திருக்க. அந்த ரெண்டாவது படம் நம்ம கடை கம்ப்யூட்டர்லயே வருதே. தெனமும் பாக்குதேன்." தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். "அம்புட்டையும் விட வச்சு, ஒன்னக் கொண்டாந்து எங்க வீட்டு அடுப்படியில நிப்பாட்டிட்டோம். மன்னிச்சிரு தாயி."

முன்பின் தெரியாத பெண்ணிடம் இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டு வந்த வாய்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, காபி ஆறிவிட்டது என்றுகூட ஒரு நாளும் முகம் சுளிக்காத மனிதரிடம் அது திறக்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா" என்று மட்டும் முனகினேன். அதை என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சாப்பிட்ட தட்டை அவரே கழுவுகிறார். நான் ஓடிப்போய்க் கையிலிருந்து பிடுங்கினால், "விடு தாயி, நீ போயி ஒன் வேலையப் பாரு. இனிமேயாவது படி" என்கிறார். நானும் போய் லேப்டாப் முன்னால் உட்காருகிறேன். பின்பக்கம் குழாயடியில் தட்டு தேய்க்கிற சத்தம் கேட்கிறது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். இன்றைக்கும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் படிப்புக்கு இடைஞ்சல் வேண்டாமென்று சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.